ஆபீஸ் டிக்கெட்டில் தேதியை மாற்றினால் மேனேஜருக்குத் தெரியுமா?

வெள்ளிக்கிழமை மாலை டெல்லியில் மீட்டிங் முடிகிறது. கம்பெனி போட்டுக் கொடுத்த டிக்கெட் அன்று இரவே சென்னைக்கு. ஆனால், அக்கா வீடு நொய்டாவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனுக்கு முதல் பிறந்தநாள். ஏர்லைன் ஆப்பைத் திறந்து பி.என்.ஆர் எண்ணைப் போட்டால், தேதியை மாற்ற ஒரு பட்டன் இருக்கிறது. வித்தியாசம் 2,300 ரூபாய் என்று காட்டுகிறது. சொந்த யு.பி.ஐ-யில் கட்டிவிடலாம். கட்டைவிரல் அந்தப் பட்டனுக்கு மேலே போய் நிற்கும்போதுதான் கேள்வி வரும்: 'இது ஆபீஸுக்குத் தெரியுமா?'

ஆபீஸ் வேலையாக ஊர் ஊராகப் பறப்பவர்கள் இன்று சாஃப்ட்வேர்காரர்கள் மட்டுமில்லை. கோவை பம்ப்செட் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினீயர், திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தின் மெர்ச்சண்டைசர், மருந்துக் கம்பெனியின் ஏரியா மேனேஜர், ஓசூர் தொழிற்சாலையின் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் என்று எல்லோரும் பறக்கிறார்கள். டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவது கம்பெனி, சீட்டில் உட்காருவது ஊழியர். நடுவில் ஒரு மாற்றம் நடந்தால் அது யார் யார் கண்ணில் படும் என்று இருவருக்குமே முழுதாகத் தெரிவதில்லை. அதனால்தான் ஆபீஸ் கேன்டீன்களில் 'அதெல்லாம் தெரியாதுப்பா, தைரியமா மாத்து' என்று ஒருவரும், 'அய்யோ, உடனே மெயில் போயிடும்' என்று ஒருவரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இருவர் சொல்வதும் பாதி சரி. மாற்றிய நிமிடமே மேனேஜருக்குத் தகவல் போகாமல் இருக்கலாம். ஆனால், அந்த மாற்றம் எங்கெங்கோ பதிவாகிவிடும். அந்தப் பதிவுகளில் ஏதாவது ஒன்று, அன்றைக்கோ அடுத்த மாதமோ, கம்பெனியின் மேஜைக்கு வந்து சேரும்.

ஆறு எழுத்துச் சாவி

முதலில் பி.என்.ஆர். ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் குறியீடுதான் விமான டிக்கெட்டின் சாவி. ரயில் பி.என்.ஆர் பத்து இலக்கம். இதற்கு ஆறே ஆறு. பெரும்பாலான ஏர்லைன் தளங்களில் இந்த ஆறு எழுத்தையும் பயணியின் பெயரையோ மெயில் ஐடி-யையோ போட்டால் போதும், புக்கிங் முழுக்கத் திறந்துகொள்ளும். எந்த ஃப்ளைட், எத்தனை மணிக்கு, எந்த சீட், என்ன சாப்பாடு எல்லாம் தெரியும். பாஸ்வேர்டு எதுவும் கேட்காது.

இதன் ஆபத்து தெரியாமல் போர்டிங் பாஸைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பவர்கள் நம் வீட்டிலேயே இருப்பார்கள். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபோட் 2020-ல் தன் போர்டிங் பாஸை இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த குறியீட்டை வைத்தே ஒரு கம்ப்யூட்டர் ஆர்வலர் அவருடைய பாஸ்போர்ட் எண், போன் நம்பர் வரை எடுத்துவிட்டார். நல்லவேளை, அவர் அதை அரசுக்கும் ஏர்லைனுக்கும் சொல்லிவிட்டுத்தான் வெளியே எழுதினார். முன்னாள் பிரதமருக்கே இந்த நிலை.

ஆபீஸ் டிக்கெட் விஷயத்தில் சாவியின் இன்னொரு பிரதி கம்பெனியிடமே இருக்கிறது. டிக்கெட்டைப் போட்ட டிராவல் டெஸ்க்குக்கோ, அட்மின் பிரிவுக்கோ, கம்பெனி ஒப்பந்தம் போட்டிருக்கும் ஏஜென்ட்டுக்கோ பி.என்.ஆர் தெரியும். உங்கள் பெயரும் தெரியும். நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். தினமும் நூறு டிக்கெட் போடுகிறவர்கள் சும்மா உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்தது, தொடர்பு மெயில். பல கம்பெனிகளில் டிக்கெட் போடும்போது டிராவல் டெஸ்க்கின் பொது மெயில் ஐடி-யைத்தான் கொடுப்பார்கள். தேதியை மாற்றினால் 'உங்கள் பயணம் மாற்றப்பட்டது' என்ற மெயில் முதலில் அங்கேதான் போய் விழும். பயணிக்கு எஸ்.எம்.எஸ் மட்டும் வரும். 'எனக்குத்தானே மெசேஜ் வந்தது' என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் இ-டிக்கெட்டில் எந்த மெயில் ஐடி அச்சாகியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்தால் நல்லது. சில கெட்டிக்காரர்கள் முதலில் அந்த மெயிலை மாற்றிவிட்டு, பிறகு தேதியை மாற்றுவார்கள். முன்பதிவு சிஸ்டத்தில் ஒவ்வொரு மாற்றமும் நேரத்தோடு பதிவாகும். யாராவது கேட்கும் நாள் வந்தால், தேதி மாற்றத்தைவிட அந்த மெயில் மாற்றம்தான் பதில் சொல்ல முடியாத கேள்வியாக வந்து நிற்கும்.

'எனக்கு மாற்றுவதற்கு பட்டனே வரவில்லை, ஏஜென்ட்டைத் தொடர்புகொள்ளவும் என்று சொல்கிறது' என்பவர்களும் உண்டு. ஏஜென்ட் வழியாகவோ கார்ப்பரேட் ஒப்பந்தத்திலோ போட்ட சில டிக்கெட்டுகளை ஏர்லைன் ஆப்பில் நேரடியாகத் தொட முடியாது. அங்கே கேள்விக்கே இடமில்லை. கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

ஏஜென்ட் பார்ப்பது பழைய டிக்கெட்டாகவும் இருக்கலாம்

இங்கேதான் விஷயம் குழம்புகிறது. பெரிய கம்பெனிகளின் ஏஜென்ட்டுகள் அமேடியஸ், சேபர், டிராவல்போர்ட் போன்ற உலகளாவிய முன்பதிவு அமைப்புகளில் டிக்கெட் போடுகிறார்கள். ஏஜென்ட்டிடம் ஒரு பதிவு இருக்கும். ஏர்லைனிடம் ஒரு பதிவு இருக்கும். ஏஜென்ட்டே மாற்றினால் இரண்டும் ஒன்றாக மாறும். ஊழியர் நேரே ஏர்லைன் ஆப்பிலோ விமான நிலைய கவுன்ட்டரிலோ மாற்றினால், ஏர்லைனின் பதிவு மாறிவிடும். ஏஜென்ட்டின் திரையில் 'பழையது ரத்து' என்பது மட்டும் வரலாம், புதிய ஃப்ளைட் விவரம் வராமல் போகலாம். பட்ஜெட் ஏர்லைன்களில் சில நேரம் அதுகூட வராது.

ஆக, கம்பெனியின் டிராவல் ஆப்பில் அவர் வெள்ளி இரவே சென்னைக்கு வந்து சேர்ந்துவிட்டார். உண்மையில் அவர் நொய்டாவில் கேக் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

'அப்போ தெரியலைதானே, நல்லதுதானே' என்று தோன்றும். சென்னைக்காரர்கள் இரண்டு டிசம்பர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு, அடையாறு பெருகி சென்னை விமான நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. சில நாட்கள் விமான நிலையமே மூடிக்கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகளை ஏற்றிப் போனார்கள். 2023 டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயலின்போது ஓடுபாதை மறுபடி தண்ணீருக்குள் போனது. அடுத்த நாள் காலைவரை விமானங்கள் இல்லை. போன் டவர்கள் படுத்துவிட்ட அந்த நேரங்களில், கம்பெனிகளின் ஹெச்.ஆர் பிரிவு முதலில் எடுத்துப் பார்ப்பது பயணப் பட்டியலைத்தான். யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்கு ஹோட்டல் அறையை நீட்டிக்க வேண்டும், யார் வீட்டுக்கு போன் செய்து 'பத்திரமாக இருக்கிறார்' என்று சொல்ல வேண்டும் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பட்டியலில் டெல்லி என்றிருப்பவர் சென்னையில் சிக்கியிருந்தால், அவரைத் தேடவே மாட்டார்கள். பட்டியலில் சென்னை என்றிருப்பவர் டெல்லியில் இருந்தால், கிடைக்காத ஆளைத் தேடி ஒருவர் ராத்திரி முழுக்கப் போன் போட்டுக்கொண்டிருப்பார். வீட்டில் அம்மாவுக்குத் தகவல் சொல்லப்போவதும் இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான்.

இன்ஷூரன்ஸும் இதோடு ஒட்டியதுதான். கம்பெனி எடுத்திருக்கும் குழு விபத்துக் காப்பீடோ, வெளிநாட்டுப் பயணக் காப்பீடோ அலுவல் பயணத்துக்கு மட்டும் பொருந்துமா, நடுவில் சொந்த வேலையாகத் தங்கிய இரண்டு நாட்களுக்கும் பொருந்துமா என்பது அந்த பாலிசியின் வாசகத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் அது மாறும். மாற்றுவதற்கு முன்னால் கேட்டால் ஒரு வரியில் பதில் கிடைக்கும்.

பணம் போன வழி

மெயில் தப்பலாம், ஏஜென்ட் திரை தப்பலாம். பணம் தப்பாது. கம்பெனிகளுக்கு டிக்கெட் மாற்றம் தெரியவருவது பெரும்பாலும் அக்கவுன்ட்ஸ் பிரிவு வழியாகத்தான். அதிலும் இந்தியாவில் ஜி.எஸ்.டி வந்த பிறகு, ஊழியர்கள் பலருக்கும் தெரியாத ஒரு கதவு திறந்திருக்கிறது.

விமான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி உண்டு. எகானமி வகுப்புக்கு 5 சதவிகிதம். பிசினஸ் வகுப்புக்கு 12 சதவிகிதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவிகிதமாகிவிட்டது. அலுவல் பயணமாக இருந்தால் இந்த வரியை கம்பெனி தன் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 8,000 ரூபாய் கட்டணத்தில் 400 ரூபாய் என்பது சின்னத் தொகையாகத் தெரியும். வருடத்துக்கு ஆயிரம் டிக்கெட் போடும் கம்பெனிக்கு அது நான்கு லட்சம். அதனால்தான் 'புக் பண்ணும்போது கம்பெனி ஜி.எஸ்.டி நம்பரைப் போடுங்க' என்று அக்கவுன்ட்ஸ்காரர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

அந்த 15 இலக்க எண் டிக்கெட்டில் ஏறிவிட்டால், ஏர்லைன் கொடுக்கும் பில் கம்பெனி பெயரில் வரும். ஏர்லைன் அதைத் தன் மாதாந்திரக் கணக்கில் அரசுக்குக் காட்டும். அடுத்த மாதம் 14-ம் தேதி வாக்கில், ஜி.எஸ்.டி தளத்தில் கம்பெனியின் கணக்கில் 'ஜி.எஸ்.டி.ஆர்-2பி' என்ற பட்டியலாக அது வந்து உட்கார்ந்துவிடும். யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை, தானாக வரும்.

இப்போது நொய்டா உதாரணத்துக்கு வருவோம். வித்தியாசத் தொகை 2,300 ரூபாயை ஊழியர் தன் சொந்த யு.பி.ஐ-யில் கட்டினார். கம்பெனி கார்டு ஸ்டேட்மென்ட்டில் அது வராது. ஆனால், டிக்கெட்டில் ஏற்கெனவே ஏறியிருக்கும் கம்பெனி எண் அப்படியே இருப்பதால், மாற்றத்துக்கான பில்லும் பெரும்பாலும் அதே எண்ணில்தான் போடப்படும். 'இந்த 2,300 ரூபாய் பில்லுக்கு கிளெய்ம் யாரும் போடவில்லையே' என்று அக்கவுன்ட்ஸில் இருக்கும் யாராவது ஒருவர் கேட்பார். சொந்தக் காசைப் போட்டவருக்குக் கெட்ட பெயர் வருவது இப்படித்தான்.

கேன்சல் செய்தால் கதை இன்னும் தெளிவு. பணம் எந்த வழியாகக் கட்டப்பட்டதோ அந்த வழியாகத்தான் திரும்பும். கம்பெனி கார்டில் போட்டது கம்பெனி கார்டுக்கு, ஏஜென்ட் கணக்கில் போட்டது ஏஜென்ட்டுக்கு. கூடவே ஏர்லைன் ஒரு 'கிரெடிட் நோட்' போடும். அதுவும் அந்த 2பி பட்டியலில் வரும்.

சொந்தக் கார்டில் டிக்கெட் போட்டு, பின்னால் ஆபீஸில் பணம் வாங்கிக்கொள்ளும் கம்பெனிகளில்தான் பெரிய வில்லங்கம் நடக்கிறது. பெங்களூருக்கு ஃப்ளைட் டிக்கெட் போடுவது, அதன் பி.டி.எஃப்-ஐ எடுத்துவைத்துக்கொண்டு டிக்கெட்டை கேன்சல் செய்வது, வந்தே பாரத்தில் போய் வருவது, ஃப்ளைட் டிக்கெட்டை கிளெய்ம் செய்வது. நான்கைந்தாயிரம் ரூபாய் லாபம் என்று கணக்குப் போடுகிறார்கள். முதல் மாதம் பிடிபடாமல் போகலாம். அடுத்த மாதம் கிரெடிட் நோட் வரும்போது, அதிலுள்ள எண்ணும் கிளெய்மில் இணைத்த பில்லின் எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும். இதைக் கண்டுபிடிக்க துப்பறியும் ஆள் தேவையில்லை. எக்ஸெல் தெரிந்த ஜூனியர் போதும். போர்டிங் பாஸ் கட்டாயம் என்று சில கம்பெனிகள் அடம்பிடிப்பதும் இதனால்தான்.

இதைத் தேதி மாற்றத்தோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. அக்கா மகன் பிறந்தநாளுக்காகத் தேதியை மாற்றியவர் சொல்ல மறந்தவர். பறக்காத டிக்கெட்டுக்குப் பணம் வாங்கியவர் செய்தது மோசடி. தொழிற்சாலைகளின் நிலையாணைகளில் நிர்வாகத்தின் பணம், சொத்து தொடர்பான திருட்டு, மோசடி, நேர்மையின்மை ஆகியவை வேலையை விட்டு நீக்கும் அளவுக்கான குற்றங்களாகவே எழுதப்பட்டிருக்கின்றன. வேலை போவதோடு முடிவதும் இல்லை. அடுத்த கம்பெனி பின்னணி விசாரிக்கும்போது, பழைய கம்பெனியிலிருந்து என்ன பதில் போகும் என்பது இருக்கிறது. பத்து வருட அனுபவத்தை ஐயாயிரம் ரூபாய்க்கு விற்ற கணக்கு அது.

கம்பெனிகள் கோட்டைவிடும் பணமும் உண்டு. டிக்கெட் போட்டும் பறக்கவில்லை என்றால், 'நான்-ரீஃபண்டபிள்' டிக்கெட்டாக இருந்தாலும், விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம் உள்ளிட்ட அரசு வரிகளையும் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ-வின் விதி. சில நூறு ரூபாய்களாவது இருக்கும். மீட்டிங் ரத்தாகி அப்படியே விட்டுவிட்ட எத்தனையோ டிக்கெட்டுகளில் இதை யாரும் கேட்பதே இல்லை. ஊழியரின் 300 ரூபாய் ஆட்டோ பில்லுக்கு மூன்று கேள்வி கேட்கும் அக்கவுன்ட்ஸ் பிரிவுகள் இதையும் கொஞ்சம் கவனிக்கலாம்.

அரசு ஊழியருக்கு எழுதியே வைத்திருக்கிறார்கள்

மத்திய அரசு ஊழியர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. 2022 ஜூனில் நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை போட்ட உத்தரவு எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டது. பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி ஆகிய மூன்று ஏஜென்ட்டுகளிடம் மட்டுமே டிக்கெட் போட வேண்டும். கிளம்பும் நேரத்தையொட்டிய மூன்று மணி நேர இடைவெளிக்குள் இருக்கும் மலிவான ஃப்ளைட்டைத் தேர்வு செய்ய வேண்டும். முடிந்தவரை 21 நாட்களுக்கு முன்பே போட வேண்டும். பயணத்துக்கு 72 மணி நேரத்துக்குள் டிக்கெட் போட்டாலோ, 24 மணி நேரத்துக்குள் கேன்சல் செய்தாலோ, ஏன் என்று ஊழியர் தானே எழுதிக் கொடுக்க வேண்டும். தனியார் ஊழியர்கள் 'அரசாங்க ரூல்ஸ்' என்று கேலி செய்யலாம். ஆனால், என்ன செய்தால் யாருக்குத் தெரியும் என்ற சந்தேகம் அங்கே கிடையாது.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. போலி டிக்கெட், போலி போர்டிங் பாஸ் கொடுத்துப் பயணப்படி வாங்கியதாக மாநிலங்களவை உறுப்பினர்கள், முன்னாள் உறுப்பினர்கள் சிலர் மீதே சி.பி.ஐ வழக்குப் போட்டது. அதில் பீகாரைச் சேர்ந்த ஒருவர் 2022-ல் தண்டிக்கப்பட்டு, அப்போது வகித்த எம்.எல்.ஏ பதவியை இழந்தார்.

கேட்டால் 'நோ' சொல்வார்களே?

சொல்லிவிட்டு மாற்றலாம்தான். ஆனால், பலர் சொல்லாமல் மாற்றுவதற்குக் காரணம் திருட்டுத்தனம் இல்லை. கேட்டால் என்ன நடக்கும் என்ற பயம். அதைக் கம்பெனிகள் பார்க்க மறுக்கின்றன.

ராத்திரி ஃப்ளைட்டை எடுத்துக்கொள்வோம். மலிவான ஃப்ளைட்டைத்தான் போட வேண்டும் என்பது பெரும்பாலான கம்பெனிகளின் விதி. மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் விடியற்காலையோ நள்ளிரவோதான். ஹைதராபாத்தில் வேலையை முடித்துக்கொண்டு இரவு ஒரு மணிக்குச் சென்னையில் இறங்கி, அங்கிருந்து தனியாக கேப் பிடித்து திருநின்றவூருக்குப் போக வேண்டிய ஒரு பெண், மாலை ஆறு மணி ஃப்ளைட்டுக்கு மாற்றிக்கொண்டு 1,800 ரூபாயைத் தன் கையிலிருந்து கட்டினால், அது விதிமீறலா? பல கம்பெனிகளின் டிராவல் ஆப்பில் அது 'பாலிசிக்கு வெளியே' என்று சிவப்புக் கொடியோடு மேனேஜருக்குப் போகும். ஏன் மாற்றினார் என்பதற்கு அந்தத் திரையில் கட்டமே இருக்காது. இருந்தாலும் 'தனிப்பட்ட காரணம்' என்றுதான் டிக் அடிக்க வேண்டியிருக்கும். பாதுகாப்பாக வீடு சேர்வது தனிப்பட்ட காரணமா என்று விதியை எழுதியவர்கள்தான் சொல்ல வேண்டும். பெண்களின் வருகை நேரத்துக்கு ஒரு வரம்பு வைத்து, அதற்குள் எந்த ஃப்ளைட்டாக இருந்தாலும் பரவாயில்லை என்று பயண விதியில் ஒரு வரி சேர்த்தால் இந்த 1,800 ரூபாய்ப் பஞ்சாயத்தே இருக்காது.

கர்ப்பமாக இருப்பதை இன்னும் ஆபீஸில் சொல்லாதவர், டயாலிசிஸுக்கு அப்பாவை அழைத்துப் போக வேண்டியவர், இன்னொரு கம்பெனி இன்டர்வியூவுக்காக ஒரு நாள் தள்ளிப்போட்டவர் (அவரும்தான்) என்று மாற்றங்களுக்குப் பின்னால் ஆயிரம் இருக்கும். கம்பெனிக்குத் தேதி தெரியலாம். காரணம் தெரிய வேண்டுமா? 2023-ல் வந்த தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான நோக்கத்துக்காகவும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும் ஊழியரின் தகவல்களை அவருடைய தனிச் சம்மதம் இல்லாமலே பயன்படுத்த இடம் கொடுக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. கம்பெனி காசில் போட்ட டிக்கெட்டின் விவரம் இந்தக் கணக்கில் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நொய்டாவில் யார் வீட்டில் இருந்தார் என்பது டிக்கெட்டின் விவரம் கிடையாது.

எனவே, மெயிலில் காரணத்தைக் கதையாக எழுத வேண்டியதில்லை. 'வெள்ளி இரவு ஃப்ளைட்டை ஞாயிறு இரவுக்கு மாற்றிக்கொள்கிறேன். வித்தியாசத் தொகையும் இரண்டு நாள் தங்கும் செலவும் என்னுடையது. திங்கள் காலை ஆபீஸில் இருப்பேன்' என்று மேனேஜருக்கும் டிராவல் டெஸ்க்குக்கும் மூன்று வரி போதும். மாற்றுவதற்கு முன்னால் அனுப்ப வேண்டும் என்பதுதான் முக்கியம். டிராவல் டெஸ்க் வழியாகவே மாற்றச் சொன்னால் இன்னும் நல்லது. ஏஜென்ட் பதிவும் சரியாகிவிடும், சில கார்ப்பரேட் கட்டணங்களில் மாற்றுக் கட்டணம் குறைவாகவும் இருக்கும். ஆப்பில் 2,300 காட்டியது அங்கே ஆயிரத்தில் முடியலாம்.

வருமான வரிக்கும் இந்த மெயில் உதவும். அலுவல் பயணத்தை விடுமுறையாக நீட்டித்து, அந்த நீட்டித்த நாட்களின் செலவையும் கம்பெனியே ஏற்றால், அந்தச் செலவு ஊழியரின் சம்பளத்தோடு சேரும் சலுகையாகக் கணக்கிடப்படும் என்பது நெடுநாளாக இருக்கும் விதி. கூட்டிப்போன மனைவி, பிள்ளைகளின் செலவைக் கம்பெனி கட்டினாலும் அப்படித்தான். எந்த நாள் வரை ஆபீஸ், எந்த நாளிலிருந்து சொந்தம் என்று எழுத்தில் இருந்தால் பின்னால் ஆடிட்டர் கேட்கும்போது முழிக்க வேண்டியதில்லை.

மாற்றும்போது செய்யக்கூடாத ஒன்று: முதல் பயணத்தை மட்டும் விட்டுவிடுவது. மதுரை - சென்னை - டெல்லி என்று ஒரே பி.என்.ஆரில் டிக்கெட் இருக்கிறது. சென்னைக்கு முன்கூட்டியே பஸ்ஸில் வந்துவிட்டு, டெல்லி ஃப்ளைட்டில் மட்டும் ஏறிக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். பல ஏர்லைன்களில் முதல் ஃப்ளைட்டில் ஏறவில்லை என்றால் மீதி எல்லாம் தானாக ரத்தாகிவிடும், ரிட்டர்ன் உட்பட. விமான நிலையத்தில் நின்றுகொண்டு டிராவல் டெஸ்க்குக்கு போன் போட்டு உண்மையைச் சொல்ல வேண்டிவரும்.

மைல் யாருக்கு?

கடைசியாக, அடிக்கடி பறப்பவர்களின் கணக்கில் சேரும் மைல்கள். டிக்கெட் கம்பெனியுடையது, புள்ளிகள் ஊழியரின் பெயரில். இந்தியாவில் பெரும்பாலான தனியார் கம்பெனிகள் இதைக் கண்டுகொள்வதில்லை. ஊழியரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஹைஃப்ளையர் போன்ற திட்டங்களில் கம்பெனிக்குத் தனியாகவும் ஊழியருக்குத் தனியாகவும் புள்ளிகள் சேரும். அரசுப் பதவியில் இருப்பவர்களுக்கு இது சிக்கலாகலாம். ஜெர்மனியில் 2002-ல், அலுவல் பயணங்களில் சேர்ந்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியதாகச் செய்தி வந்து, பசுமைக் கட்சி எம்.பி செம் ஓஸ்டெமிர் கட்சியில் வகித்த பொறுப்பிலிருந்து விலகினார். பெர்லின் அரசில் பொருளாதாரத் துறையை வைத்திருந்த கிரிகோர் கீஸியும் அதே விவகாரத்தில் பதவியை விட்டார். ஓஸ்டெமிர் பிறகு 2021-ல் மத்திய அமைச்சராகவே வந்தார்.

நம் ஊரில் இந்த மைல்களை வைத்து எகானமியிலிருந்து பிசினஸ் வகுப்புக்கு மாறிக்கொள்பவர்கள் உண்டு. கம்பெனிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஆனால், பில்லில் எகானமி என்றும் போர்டிங் பாஸில் பிசினஸ் என்றும் இருக்கும். அப்படி மாறியவர்கள் கிளெய்மோடு 'சொந்த மைல்களில் மாற்றியது' என்று ஒரு வரி எழுதி இணைத்துவிட்டால், மாதக் கடைசியில் அக்கவுன்ட்ஸிலிருந்து போன் வராது.